புது ஏர்லைன்ஸில் சேரலாமா?

23 வயதில் ஒரு விமான நிறுவனத்தில் சேரும் இந்திய விமானி, 65 வயது வரை பயணிகள் விமானம் ஓட்டலாம். மொத்தம் 42 ஆண்டுகள். 1990களில் வானம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதிலிருந்து இங்கே தொடங்கிய பெரிய பயணிகள் நிறுவனங்களில், மூடப்படுவதற்குள் கால் நூற்றாண்டைத் தாண்டியது ஜெட் ஏர்வேஸ் ஒன்றுதான். 1993-ல் பறக்கத் தொடங்கிய அதுவும் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றுபோனது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், ஏர் டெக்கான், கிங்ஃபிஷர், கோ ஃபர்ஸ்ட், விஸ்தாரா என்று மற்ற பெயர்களை அடுக்கினால், சில இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவை, ஒன்று பதினைந்தைத் தாண்டியது, சில வேறொன்றில் கரைந்தவை. சென்னைக்காரர்களுக்கு என்.இ.பி.சி.யும் பாரமவுண்டும் நினைவிருக்கும். 2005-ல் சென்னையை மையமாகக் கொண்டு எம்ப்ரேயர் ஜெட்டுகளோடு வந்த பாரமவுண்ட் 2010-ல் இல்லை. கோவையிலிருந்து 2016-ல் கிளம்பிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டே அடங்கிவிட்டது.

ஆகவே “இந்தப் புது நிறுவனம் என் மகனுக்கு ஓய்வு பெறும்வரை கைகொடுக்குமா?” என்று பெற்றோர் கேட்கும்போது, இந்திய அனுபவம் தரும் நேர்மையான பதில் இதுதான்: பழைய நிறுவனமும் அப்படிக் கைகொடுக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. இங்கே ஒரு விமானியின் பணிக்காலம், அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் ஆயுளைவிட நீளமானது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். நிறுவனம் போய்விட்டால் விமானியோடு எது வரும், எது வராது? புது நிறுவனம் இதில் எதைக் கொடுக்கிறது?

புது நிறுவனத்தின் பக்கம் உள்ள வலுவான வாதத்தை முதலில் பார்ப்போம். விமானிகளின் உலகம் சீனியாரிட்டிப் பட்டியலில் இயங்குவது. எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் கேப்டன் பதவி உயர்வு, எந்த ஊர் பேஸ், எந்த ரக விமானம் என்பதெல்லாம் முடிவாகும். திறமைக்குத் தேர்வு உண்டு, சிமுலேட்டர் பரிசோதனை உண்டு. ஆனால் அந்தத் தேர்வுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்பதைச் சொல்வது பட்டியலில் உள்ள எண்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒரு விமானத்தை நாள் முழுக்க ஓட்ட, விடுப்பு, ஓய்வு, பயிற்சி எல்லாம் சேர்த்து ஐந்தாறு கேப்டன்களும் அதே அளவு துணை விமானிகளும், அதாவது ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களும், வேண்டும். 20 விமானம் வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சுமார் 120 கேப்டன்கள். அது 70 விமானமாக வளர்ந்தால் 420 பேர். இடையில் தேவைப்படும் 300 பேரில் பாதியை வெளியிலிருந்து எடுத்தாலும், 150 ஃபர்ஸ்ட் ஆஃபீசர்கள் கேப்டன் அமரும் இடது பக்க இருக்கைக்கு மாறுவார்கள். தொடக்கத்தில் சேர்ந்து பட்டியலில் எண்பதாவது எண்ணில் இருப்பவருக்கு நான்கைந்து ஆண்டில் கேப்டன் பதவி வந்துவிடும். இன்னொரு பக்கம், 300 விமானத்தோடு வளர்ச்சி நின்றுபோன நிறுவனம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1,800 கேப்டன்களில் ஆண்டுக்கு அறுபது, அறுபத்தைந்து பேர் ஓய்வு பெற்றால், கடைசி ஃபர்ஸ்ட் ஆஃபீசரின் முறை வர 25 ஆண்டுக்கு மேல் ஆகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு தலைமுறை விமானிகள் இப்படிக் காத்திருந்து நரைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த வாதம் இந்தியாவில் பாதிதான் செல்லும். இங்கே பெரிய நிறுவனங்கள் தேங்கி நிற்கவில்லை. டாடா கைக்கு வந்த ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 ஏர்பஸ்கள் கேட்டது. 2025 ஜூலை 1 முதல் விமானிகளின் வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது, நவம்பர் 1 முதல் இரவுத் தரையிறக்கங்களுக்கும் கடுமையான வரம்பு வந்தது. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்ததற்கு முக்கியக் காரணம், புது விதிக்கு ஏற்ற அளவு ஆள் கையில் இல்லாததுதான். நாட்டின் மிகப் பெரிய நிறுவனமே கேப்டன்களுக்காகத் திணறும்போது, சீக்கிரம் கேப்டன் ஆகலாம் என்பது புது நிறுவனத்தின் தனிச்சொத்தாக இருக்க முடியாது.

இனி ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தைப் பார்க்கலாம். இன்று இந்தியாவில் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் மனத்தில் இருப்பது ஆகாசா ஏர்தான்.

ஜெட் ஏர்வேஸின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த வினய் துபே தொடங்கியது ஆகாசா. இண்டிகோவை வளர்த்த ஆதித்ய கோஷ் உடன் இருந்தார். பங்குச் சந்தையின் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா பணம் போட்டார். 2022 ஆகஸ்ட் 7 அன்று மும்பையிலிருந்து அகமதாபாத்துக்கு முதல் விமானம் கிளம்பியது. சரியாக ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 14 அன்று, ஜுன்ஜுன்வாலா இறந்துபோனார். முக்கிய முதலீட்டாளர் போனதும் கதை முடிந்தது என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர். முடியவில்லை. ஓராண்டில் 20 விமானம் சேர்ந்தது, 2024 மார்ச்சில் தோஹாவுக்குப் பன்னாட்டுச் சேவை தொடங்கியது, 2025-ல் பிரேம்ஜி இன்வெஸ்ட் போன்ற புது முதலீட்டாளர்கள் வந்தார்கள். 72 போயிங் 737 மேக்ஸ் விமானங்களாக இருந்த ஆர்டர் 76 ஆகி, 2024 ஜனவரியில் இன்னும் 150 சேர்ந்து 226 ஆனது. மேலோட்டமாகப் பார்த்தால், மேலே போட்ட சீனியாரிட்டிக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான நிறுவனம் கிடையாது.

ஆனால் அந்த ஜனவரியிலேயே, ஆர்டர் அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பு, அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 ஒன்றில் நடுவானில் கதவு அடைப்புப் பலகை பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மேக்ஸ் உற்பத்தியை மாதம் 38-க்கு மேல் கூட்டக் கூடாது என்று தடுத்தது. செப்டம்பரில் போயிங் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்காவில் நடந்த இந்த நிகழ்வுகளின் விலையைக் கொடுத்தவர்களில், ஆகாசா முன்கூட்டி வேலைக்கு எடுத்து வைத்திருந்த இந்திய ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில் நிறுவனத்திடம் 27 விமானங்கள். வரப்போகும் விமானங்களை நம்பிச் சேர்த்த விமானிகளில் கணிசமானோருக்கு ஓட்ட விமானம் இல்லை.

வேலை இருந்தும் விமானம் இல்லாத நிலை வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகப் புரிவதில்லை. சம்பளம் வருகிறதே, என்ன கஷ்டம் என்பார்கள். விமானியின் உண்மையான சொத்து அவருடைய லாக்புக். ஒவ்வொரு பறப்பும் தேதி, விமானப் பதிவெண், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று அதில் ஏறும். வணிக விமானி உரிமம் வாங்கியவர் 200 மணி நேரத்தோடு வருகிறார். கேப்டனாக அமரத் தேவையான மேல்நிலை உரிமமான ஏ.டி.பி.எல்.லுக்குக் குறைந்தது 1,500 மணி நேரம் வேண்டும். அதற்கு மேலும் நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி எல்லை வைக்கும். சட்டம் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் வரை பறக்க விடுகிறது. மாதம் 65 மணி நேரம் பறப்பவர் இரண்டாண்டுக்குள் அந்த 1,500-ஐத் தொட்டுவிடுவார். மாதம் 20 மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். தொண்ணூறு நாளில் மூன்று முறை ஏறி இறங்கினால் தகுதி உயிரோடு இருக்கும், அதை சிமுலேட்டரிலேயே முடித்துவிடலாம். ஆனால் சிமுலேட்டரில் உட்கார்ந்த மணி லாக்புக்கின் பறப்பு மணிகளில் சேராது. பட்டியலில் எண் முன்னால் இருக்கும். அந்த எண்ணைப் பயன்படுத்தத் தேவையான மணி நேரம் இருக்காது.

போதாக்குறைக்கு, சம்பளத்தின் ஒரு பகுதி பறப்பு மணியோடு கட்டப்பட்டது. இத்தனை மணி நேரத்துக்குக் குறையாத தொகை என்று ஒரு உத்தரவாதம் இருக்கும். அதைத் தாண்டிப் பறந்தால் மணிக்கு இவ்வளவு. அந்த உத்தரவாதம் 70 மணி நேரமா 40 மணி நேரமா என்பதில் மாதம் பல ஆயிரங்கள் போகும் வரும். 2024 ஏப்ரலில் விஸ்தாராவின் விமானிகள் கூட்டமாக உடல்நலக் குறைவு விடுப்பு எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தானதற்குப் பின்னால் இருந்தது இந்த எண்தான். ஏர் இந்தியாவோடு இணைப்பதற்காக வந்த புது ஒப்பந்தம் உத்தரவாத நேரத்தை 70-லிருந்து 40-க்கு இறக்கியது. பல ஃபர்ஸ்ட் ஆஃபீசர்கள் ஒரு கோடி ரூபாய் வரை கடனில் படித்து வந்தவர்கள். அவர்களுடைய மாதத் தவணை பறப்பு நேரத்தைப் பார்த்துக் குறையாது.

விஸ்தாராவின் கதை இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. டாடா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற இரண்டு பெரிய பெயர்கள் பின்னால் நின்ற நிறுவனம் அது. 2015 ஜனவரியில் தொடங்கியது, 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவில் கலந்தது. பத்து வயதுகூட நிறையவில்லை. நிறுவனம் தோற்காமலேயே மறைந்தது. இப்படி இணையும்போது இரண்டு சீனியாரிட்டிப் பட்டியல்களைப் பின்னிச் சேர்ப்பது எவ்வளவு கசப்பானது என்பதற்கு ஏர் இந்தியாவே சாட்சி. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன; ஐந்து ஆண்டு கழித்தும் சண்டை தீரவில்லை. புதிதாக வரவிருந்த போயிங் 787-ஐ ஓட்டும் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து விமானிகளுக்கும் கொடுப்பதை எதிர்த்து, 2012-ல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டுமே அரசு நிறுவனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். யாருடைய வேலையும் போகும் ஆபத்து இல்லாத இடத்தில், பட்டியலில் முன்னால் நிற்பது யார் என்பதற்காக மட்டும் நடந்த போராட்டம் அது.

நிறுவனம் மூடினால் அந்தப் பட்டியலும் மொத்தமாகப் போகும். ஒரு கடையின் டோக்கனை இன்னொரு கடையில் நீட்ட முடியாது. இருபது ஆண்டு ஜெட்டில் இருந்த கேப்டன் அடுத்த நிறுவனத்தில் அன்று சேர்ந்தவராகத்தான் உள்ளே நுழைகிறார். ஆனால் அவருடைய கேப்டன் மணி நேரம், அவர் ஓட்டத் தகுதி பெற்ற ரகம் இரண்டும் கூடவே வரும். 2019-ல் ஜெட்டின் 737 விமானங்கள் பலவற்றை ஸ்பைஸ்ஜெட் எடுத்துக்கொண்டபோது, அந்த ரகத்தை ஓட்டிய விமானிகளில் பலர் அங்கேயே போய்ச் சேர முடிந்தது. அந்த ஸ்பைஸ்ஜெட்டே 2022 செப்டம்பரில் சுமார் 80 விமானிகளைச் சம்பளமில்லா விடுப்பில் மூன்று மாதம் வீட்டுக்கு அனுப்பியது வேறு விஷயம்.

எந்த ரகத்தில் தகுதி இருக்கிறது என்பதை நம் ஊரில் போதிய அளவு யோசிப்பதில்லை. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத் தொடக்கத்தில், பிராட் அண்ட் விட்னி இன்ஜின்கள் பழுதாகிப் பாதி விமானங்கள் தரையில் நின்ற நிலையில், தானாகவே திவால் மனு போட்டது. ஊழியர்கள் ஓடிவிடாமல் இருக்க கேப்டன்களுக்கு மாதம் ஒரு லட்சம், ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களுக்கு 50,000 கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. யார் நிற்பார்கள்? கோ ஃபர்ஸ்ட் ஓட்டியது ஏ320 குடும்பம். இண்டிகோ அதே விமானத்தை நூற்றுக்கணக்கில் வைத்திருந்தது, ஏர் இந்தியாவிடமும் அது இருந்தது. கதவைத் தட்டினால் திறக்கும் நிலை. ஆகாசா ஓட்டுவது 737 மேக்ஸ் மட்டும். இந்தியாவில் அந்த ரகத்தைப் பெரிய அளவில் ஓட்டும் மற்றொரு நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஸ்பைஸ்ஜெட் சுருங்கிக் கிடக்கிறது. ஆகாசாவிலிருந்து வெளியே வர வேண்டியிருந்தால் கதவுகள் குறைவு. வளைகுடாவில் ஃப்ளைதுபாய் போன்ற 737 நிறுவனங்கள் உண்டு, ஆனால் அங்கே போக நல்ல அளவு மணி நேரம் கையில் இருக்க வேண்டும். லாக்புக் வளராதவருக்கு அந்தக் கதவும் மூடியதுதான்.

வெளியே வருவதும் நினைத்த மாத்திரத்தில் முடியாது. 2017 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து இயக்ககம், கேப்டன்களுக்கு ஓராண்டும் ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களுக்கு ஆறு மாதமும் முன்னறிவிப்புக் காலம் என்று விதித்தது. தடையில்லாச் சான்று இல்லாமல் அடுத்த இடத்தில் சேர்வதும் சிக்கல். 2023-ல் ஆகாசாவில் 43 விமானிகள் இந்தக் காலத்தை முடிக்காமல் போட்டி நிறுவனங்களுக்குப் போனார்கள். ஆகஸ்டில் மட்டும் சுமார் 600 விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது, சிலர்மீது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்டது. நிறுவனத்தின் நெருக்கடி உண்மைதான். 20 விமானம் உள்ள இடத்தில் 43 பேர் போவது என்பது மூன்று நான்கு விமானங்களை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். ஆனாலும் ஓராண்டு முன்னறிவிப்பு என்பது வேறு எந்தத் தொழிலாளியிடமும் கேட்கத் துணியாத நிபந்தனை என்று இதை எழுதுபவருக்குத் தோன்றுகிறது. மூழ்கும் கப்பலிலிருந்து இறங்க ஓராண்டு அனுமதிக்குக் காத்திருக்கச் சொல்வது போன்ற விதியோடு சேர்கிறோம் என்பதைக் கையெழுத்திடும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தாலோ நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றினாலோ முன்கூட்டியே விடுவிக்கக் கேட்கலாம் என்ற பிரிவும் அதே விதியில் இருக்கிறது. பலர் அதைப் படிப்பதில்லை.

பணம் வராமல் போகும் கட்டம் இன்னும் மோசம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றபோது ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. சம்பளத்தில் பிடித்த வருமான வரியையும் அது கட்டவில்லை என்பதால், கைக்கு வராத பணத்துக்கு வரித்துறையிடமிருந்து ஊழியர்களுக்கு நோட்டீஸ் வந்தது. ஜெட் ஏர்வேஸை உயிர்ப்பிக்கும் முயற்சி ஐந்து ஆண்டு இழுத்தடித்து, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைத்து விற்கச் சொன்னது. ஊழியர்களுக்கு ஓரளவு பிடிமானம் கிடைத்தது வருங்கால வைப்பு நிதியிலும் பணிக்கொடையிலும்தான்; அவற்றைக் கொடுத்தாக வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நிலுவைச் சம்பளமோ, திவால் சட்டத்தின் வரிசையில் நின்று கையேந்தும் பணம்.

எனவே ஆர்டர் புத்தகத்தின் 226 என்ற எண்ணில் மயங்க வேண்டியதில்லை. அது காகிதத்தில் உள்ள எண். கையில் உள்ள விமானத்தின் எண்ணிக்கையால் விமானிகளின் எண்ணிக்கையை வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு பதினான்கு வந்தால் ரோஸ்டர் நிறைந்திருக்கும். இருபதைத் தாண்டினால் நீங்கள் சேரப்போவது ஒரு காத்திருப்போர் பட்டியலில். ஏற்கெனவே அங்கே இருப்பவரிடம் அவருடைய 26ஏ.எஸ். படிவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: பிடித்த வரி காலாண்டுதோறும் ஏறியிருக்கிறதா? வைப்பு நிதி பாஸ்புக்கில் போன மாதப் பதிவு இருக்கிறதா? நலிந்த நிறுவனம் முதலில் கைவைப்பது இந்த இரண்டில்தான். ஸ்பைஸ்ஜெட் 2024-ல் 3,000 கோடி ரூபாய் திரட்டிய பிறகே பல மாத வைப்பு நிதி நிலுவையைத் தீர்த்தது. இடையில் விலகாமல் இருக்க நிறுவனம் எழுதி வாங்கும் பாண்ட் எத்தனை ஆண்டு, எத்தனை லட்சம், விமானம் இல்லாமல் தரையில் இருத்தும் மாதங்களும் அந்தக் கணக்கில் கழியுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆகாசாவைப் பற்றி என் முடிவு: 200 மணி நேரத்தோடு, வேறு அழைப்பு எதுவும் இல்லாமல் இருக்கும் இளைஞர் அங்கே சேரலாம், ஆனால் கேப்டன் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளும் ஆறேழு ஆண்டு வேலையாக அதை எண்ணிச் சேர வேண்டும். 65 வயது வரைக்குமான ஏற்பாடு என்று எண்ணி வீட்டுக் கடனைப் பெரிதாக்கக் கூடாது. இண்டிகோவிலோ ஏர் இந்தியாவிலோ இரண்டாயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிட்ட ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு, ஓராண்டு முன்னதாகக் கேப்டன் ஆகலாம் என்பதற்காக மட்டும் மாறுவது லாபமில்லை; அங்கேயும் கேப்டன் பற்றாக்குறைதான். ஏற்கெனவே 737 கேப்டனாக இருப்பவருக்கு நிலைமை வேறு. புது நிறுவனத்தில் பயிற்றுநராகவும் பரிசோதகராகவும் உயர வாய்ப்பு அதிகம், அந்தத் தகுதி எங்கு போனாலும் செல்லும். 45 வயதைத் தாண்டி, சென்னையிலோ கொச்சியிலோ சொந்த பேஸும் பிள்ளைகளின் பள்ளியும் அமைந்துவிட்டவர் எந்தப் புது நிறுவனத்துக்கும் போகாமல் இருப்பதே மேல்.

நேர்முகத் தேர்வில் கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஃபர்ஸ்ட் ஆஃபீசர்கள் சராசரியாக மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள்? பதில் ஓர் எண்ணாக வராவிட்டால் அந்தக் கடிதத்தில் அன்றே கையெழுத்திடாதீர்கள்.